அப்பாவின் ஃபியட் மறுபடி ஓடுமா?

பழைய கார் வாங்கிப் புதுப்பிக்கக் கிளம்புகிறவர்களுக்கு...

பொள்ளாச்சியிலிருந்து ஆனைமலை போகும் வழியில் ஒரு தென்னந்தோப்பு. மோட்டார் ரூமை ஒட்டிய கீற்றுக் கொட்டகைக்குள் நின்றது அந்த பிரீமியர் பத்மினி, ஊர் வழக்கில் ஃபியட். கிரீம் கலர். கூரைமேல் காய்ந்த மட்டைகள், பின் சீட்டில் அடைகாக்கும் கோழி. வாங்க வந்தவர் என் நண்பர், வங்கி அதிகாரி. துணைக்கு நான். கோவையிலிருந்து கூட்டி வந்த மேஸ்திரிக்கு வயது அறுபதைத் தாண்டியிருக்கும். நாற்பது வருடமாக ஃபியட் வண்டிதான் அவருக்குச் சோறு போடுகிறது.

"எங்கூட்டுக்காரரு போனதுக்கப்புறம் யாரும் எடுக்கலீங்க தம்பி. கடைசியா பழனிக்கு ஓட்டிட்டுப் போனாருங்க" என்றார் தோப்புக்கார அம்மா.

நண்பர் ஸ்டீயரிங்கைத் தொட்டுப் பார்த்ததுமே விலைக்குத் தயாராகிவிட்டார். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. மேஸ்திரி ஒன்றும் பேசவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் காந்தத்தை எடுத்தார். பெயின்ட் கீறாமலிருக்க அதைத் துணியில் சுற்றி, கதவின் மேல்பகுதியில் வைத்தார். ஒட்டியது. கீழே இறக்கிக்கொண்டே வந்தார். கதவுக்கு அடியில், முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே நீளமாக ஓடும் பெட்டித் தகட்டில் வைத்ததும் காந்தம் நழுவி மண்ணில் விழுந்தது. இன்னும் ஒரு சாண் தள்ளி வைத்தார். அங்கேயும் விழுந்தது. பிறகு காலடி மிதியை மடக்கினார். தகட்டில் கையளவு ஓட்டை. அதன் வழியே கொட்டகைத் தரையும் ஒரு எறும்புச் சாரியும் தெரிந்தன.

"சார், தகரம் இல்லைங்க. பட்டிதான் நிக்குது" என்றார் மேஸ்திரி.

திடீரென்று ஏன் இந்த ஆசை?

இன்று நாற்பது, ஐம்பது வயதில் இருப்பவர்கள் முதன்முதலில் ஏறிய கார் பெரும்பாலும் அம்பாசடர் அல்லது ஃபியட். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்த பிறகுதான் காட்சி மாறியது. 2000-ஐ ஒட்டி பத்மினி உற்பத்தி நின்றது. 2014 மே மாதம் உத்தர்பாரா ஆலையில் அம்பாசடரும் நின்றது. மும்பையின் கறுப்பு மஞ்சள் பத்மினி டாக்சிகள் 2023 அக்டோபரில் விடைபெற்றன. கண்ணெதிரே மறைகிற ஒன்றின் மேல் பிரியம் கூடத்தானே செய்யும்? கோவை ஜி.டி. கார் அருங்காட்சியகத்திலும், சென்னையில் 2023-ல் திறந்த ஏவி.எம். அருங்காட்சியகத்திலும் பளபளக்கும் பழைய வண்டிகளைப் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு, 'நம்மால் ஒன்று முடியாதா?' என்று தோன்றிவிடுகிறது.

முடியும். ஆனால் வாங்கும் விலை இதில் சின்னப் பங்குதான். தகடு அரித்த வண்டியைச் சல்லிசாக வாங்கி, வாங்கிய விலையைப்போல் மூன்று மடங்கைப் பட்டறையில் கொட்டியவர்களை எனக்குத் தெரியும். ஓடுகிற நிலையில் உள்ள வண்டிக்கு முதலிலேயே கூடுதலாகக் கொடுத்தவர்கள், கடைசிக் கணக்கில் குறைவாகத்தான் செலவழித்திருக்கிறார்கள்.

எஞ்சினைப் பார்க்காதீர்கள், அடியைப் பாருங்கள்

பழைய கார் பார்க்கப் போகிறவர்கள் முதலில் பானெட்டைத் திறக்கிறார்கள். அது தவறு என்பேன். பத்மினியின் 1,089 சிசி எஞ்சினும், பழைய அம்பாசடரின் 1,489 சிசி எஞ்சினும் எளிமையான அமைப்பு. பல வருடம் நின்று இறுகிப் போயிருந்தால், பிளக்கைக் கழற்றி ஓட்டை வழியாக ஆயிலும் டீசலும் ஊற்றி, நாலைந்து நாள் ஊறவிட்டு, கையால் மெல்லச் சுற்றிப் பார்ப்பார்கள். பொறுமையில்லாமல் வண்டியைக் கட்டி இழுத்தால்தான் பிஸ்டன் ரிங் உடையும். சிலிண்டர் தேய்ந்திருந்தால் ரீபோர் செய்து பெரிய பிஸ்டன் போடலாம். அதற்கும் இடமில்லை என்றால் ஸ்லீவ் இறக்கலாம். லேத் பட்டறையும் வார்ப்பட ஆலையும் தெருவுக்குத் தெரு இருக்கும் கோவையில், எஞ்சினுக்காக ஒரு வண்டி செத்துப்போனதாக நான் கேள்விப்பட்டதில்லை.

வண்டியைச் சாகடிப்பது துரு. பத்மினிக்குத் தனியாகச் சேஸிஸ் கிடையாது. உடம்பே எலும்புக்கூடு. கதவுக்குக் கீழே ஓடும் அந்தப் பெட்டித் தகடும் அடித்தகடும் சேர்ந்துதான் வண்டியின் பாரத்தைத் தாங்குகின்றன. அது உள்ளிருந்து அரிக்கும். இரும்பு துருவாகும்போது பல மடங்கு பருமனாகிறது. ஒன்றோடொன்று ஒட்டிய இரண்டு தகடுகளை அந்தத் துருவே பிளந்துவிடும். மேலே பட்டி பூசிப் பெயின்ட் அடித்தால் இரண்டு மழைக்காலம் தாங்கும். அதற்குள் வண்டி கைமாறிவிடும்.

சோதிக்க ஒரு எளிய வழி உண்டு. முன் கதவைத் திறந்து, பின் நுனியைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். கதவு மட்டும் ஆடினால் கீல் தேய்மானம், அதைச் சரிசெய்யலாம். கீல் பொருத்திய தூணே சேர்ந்து அசைந்தால், தூணின் அடி அரித்துவிட்டது என்று பொருள். பிறகு வண்டியை ஜாக்கியில் ஏற்றி, கதவை மூடித் திறந்து பாருங்கள். தரையில் நின்றபோது நன்றாக மூடிய கதவு இப்போது இடித்தால் உடம்பு வளைகிறது. அந்த வண்டி வேண்டாம்.

சென்னை வண்டியானால் இன்னொரு சோதனையும் வேண்டும். கடற்காற்று ஒருபுறம், 2015 டிசம்பர் வெள்ளம் இன்னொருபுறம். சீட் நகரும் தண்டவாளத்திலும், டாஷ்போர்டுக்குப் பின்னாலும், டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் குழியிலும் விரலை விட்டுத் தடவுங்கள். பொடிப்பொடியாக வண்டல் மண் வந்தால் வண்டி மூழ்கி எழுந்தது.

▣ மெட்ராஸில் பிறந்த ஹெரால்டு

• 1948-ல் தொடங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனத்தின் ஆலை, சென்னைக்குத் தெற்கே வண்டலூர்ப் பக்கம் இருந்தது.

• பிரிட்டனின் டிரையம்ப் ஹெரால்டு இங்கே 1961-லிருந்து 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' என்ற பெயரில் வந்தது. வடிவமைத்தவர் இத்தாலியின் ஜியோவானி மிக்கலோட்டி. எஞ்சின் 948 சிசி.

• பிரிட்டனில் வராத நான்கு கதவு ஹெரால்டு இங்கே வந்தது. 1970களின் தொடக்கத்தில் 'கெஸல்' பிறந்தது.

• பானெட்டும் மட்கார்டும் ஒரே துண்டாக முன்பக்கம் கவிழ்ந்து திறக்கும். எஞ்சினைச் சுற்றி நின்று வேலை பார்க்கலாம். தனிச் சேஸிஸ் உண்டு என்பதால் உடம்பைத் துண்டு துண்டாகக் கழற்றலாம்.

• கவனம்: முன்சக்கரத்தைத் தாங்கும் தண்டின் அடிமுனை, வெண்கலக் கட்டை ஒன்றுக்குள் மரையாகத் திரும்பும். அதற்குக் கியர் ஆயில்தான் விட வேண்டும். கிரீஸ் அடைத்தால் உள்ளே நீர் தங்கி மரை அரிக்கும். ஒருநாள் திருப்பத்தில் சக்கரம் மடங்கிவிடும்.

நாலு நாளில் பிரித்தது, பத்து வருடம் ஆனது

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். அப்பா 1978-ல் மூன்றாம் கையாக வாங்கிய ஃபியட் எங்கள் வீட்டில் இருந்தது. 2009-ல் அதைப் புதுசாக்கித் தருகிறேன் என்று அப்பாவிடம் சொல்லி, ஒரு பட்டறையில் விட்டேன். அன்று அது ஓடிக்கொண்டிருந்த வண்டி. புகை தள்ளும், மழையில் ஒழுகும், ஆனாலும் ஓடும்.

நாலே நாளில் பிரித்துவிட்டார்கள். எஞ்சின் ஒரு மூலையில், கதவுகள் சுவரோரம், கண்ணாடிகள் பரண்மேல், நட்டு போல்ட்டெல்லாம் சிமென்ட் சாக்கில். எதிலும் பெயர் எழுதவில்லை. நானும் ஒரு போட்டோகூட எடுத்து வைக்கவில்லை. பிரித்த மெக்கானிக்கின் தலைக்குள்தான் மொத்த வண்டியும் இருந்தது. அவர் ஐந்தாவது மாதம் கத்தாருக்குப் போய்விட்டார். அடுத்து வந்த பையனுக்கு எந்த போல்ட் எங்கே என்று தெரியவில்லை. அவனைக் குற்றம் சொல்ல முடியாது.

அப்பா மாதம் ஒருமுறை, "வண்டி என்னாச்சு?" என்பார். இரண்டாம் வருடத்தில் கேட்பதை நிறுத்திவிட்டார். அதுதான் எனக்குப் பெரிய தண்டனையாக இருந்தது.

நாலாவது வருடம் பட்டறை இருந்த இடம் கைமாறியது. ஒரு வாரத்தில் எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். இரண்டு டாடா ஏஸில் ஏற்றி வந்தோம். ஒன்றில் உடம்பு, இன்னொன்றில் எஞ்சினும் மூன்று சாக்குகளும். காரை அப்படிச் சாக்குமூட்டையாகப் பார்த்த நாளை நான் மறக்க மாட்டேன். பிறகு இந்த மேஸ்திரியைக் கண்டுபிடித்து, மூட்டையைக் கொட்டி, ஒவ்வொரு போல்ட்டாகப் பிரித்து வைக்கவே ஒரு மாதம் பிடித்தது. 2019-ல்தான் வண்டி தெருவுக்கு வந்தது. அப்பா முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். ஹார்னை அமுக்கினார். "நம்ம வண்டி சத்தம் இல்லையேப்பா" என்றார். பழைய ஹார்ன் சாக்கு மாறியதில் எங்கோ தொலைந்திருந்தது.

ஆகவே வாங்கப் போகிறவர்களிடம் நான் மன்றாடிச் சொல்வது இது ஒன்றுதான்: பிரித்துப்போட்ட வண்டியை வாங்காதீர்கள். வாங்கிய வண்டியை மொத்தமாகப் பிரிக்கவும் விடாதீர்கள். முதலில் பிரேக், பிறகு ஒயரிங், பிறகு எஞ்சின் என்று ஒவ்வொன்றாகச் செய்யச் சொல்லுங்கள். ஒரு வேலைக்கும் அடுத்த வேலைக்கும் நடுவில் வண்டி ஓட வேண்டும். ஓடுகிற வண்டிக்குப் பணத் தட்டுப்பாடு வந்தால் ஆறு மாதம் காத்திருக்கும். பிரித்த வண்டிக்குத் தட்டுப்பாடு வந்தால், அதில் முக்கால்வாசி காயலான் கடைக்குத்தான் போகிறது. உடம்புத் தகடு முழுக்க மாற்ற வேண்டிய வண்டி என்றால் பிரித்துத்தான் ஆக வேண்டும். அப்போது கழற்றுவதை நீங்களே பக்கத்தில் நின்று போட்டோ எடுங்கள். ஒவ்வொரு பாகத்தின் போல்ட்டையும் அதற்கான கவரில் போட்டு, மேலே தமிழில் பெயர் எழுதி, வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஓட வைக்கும் சாமானும் அழகு சாமானும்

கிளட்ச் பிளேட், பிரேக் சாமான், வாட்டர் பம்ப் எல்லாம் அம்பாசடருக்கும் பத்மினிக்கும் இன்னும் கிடைக்கின்றன. சென்னை புதுப்பேட்டையில் அலைந்தால் நல்ல பழைய சாமானும் சிக்கும். கஷ்டம் எங்கே என்றால், ஓட்டத்துக்குத் தேவையில்லாத இடத்தில்தான். பின் விளக்கின் சிவப்பு மூடி, கதவுக் கைப்பிடி, குரோம் பீடிங், ஸ்பீடாமீட்டரின் எழுத்துத் தட்டு, முன் கண்ணாடியைச் சுற்றிய ரப்பர். இவை ஒவ்வொன்றுக்கும் ஊர் ஊராக அலைந்தவர்கள் உண்டு. வண்டி பார்க்கும்போது எஞ்சின் சத்தத்தைவிட இந்தச் சில்லறைகளை எண்ணிப் பாருங்கள். எஞ்சின் ஓடாமல் இவை முழுசாக இருக்கிற வண்டியைத்தான் நான் எடுப்பேன்.

பம்பருக்கு மறுபடி குரோம் ஏற்றும்போதும் ஒரு நஷ்டம் உண்டு. ஏற்றுமுன் பாலிஷ் போட்டுத் தகட்டைத் தேய்ப்பார்கள். இரண்டு மூன்று முறை தேய்த்தால் அசல் விளிம்பின் கூர்மை மழுங்கிவிடும். கொஞ்சம் மங்கினாலும் அசல் அசல்தான். எல்லாவற்றையும் புத்தம் புதிதாக்கத் துடிப்பதில் எனக்குச் சம்மதம் இல்லை. டிரைவர் பக்கக் கதவின் மேல்விளிம்பில் முழங்கை வைத்து வைத்துப் பெயின்ட் தேய்ந்த இடம் ஒன்று எங்கள் வண்டியில் இருந்தது. அதையும் சேர்த்து அடிக்கச் சொன்னது நான்தான். இன்று நினைத்தாலும் வருத்தமாக இருக்கிறது.

காகிதம் இல்லையா, கார் இல்லை

ஆர்.சி. புக்கில் இருக்கும் சேஸிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் வண்டியில் அடித்த எண்ணோடு பொருந்த வேண்டும். மேலோட்டமாகப் பார்த்துத் தலையாட்டாதீர்கள். துணியால் துடைத்து, காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுங்கள். பெட்ரோல் அம்பாசடருக்கு டீசல் எஞ்சின் மாற்றி, புத்தகத்தில் ஏற்றாமல் விட்டவை ஏராளம். உரிமையாளர் இறந்திருந்தால் முதலில் வாரிசு பெயருக்கு மாற்றம், பிறகுதான் விற்பனை. பொள்ளாச்சி அம்மாவிடம் கணவர் பெயரில் புத்தகம் இருந்தது. வெளியூரில் இருக்கும் இரண்டு மகன்களின் சம்மதமும் வேண்டும் என்பது அவருக்கே அன்றுதான் தெரிந்தது.

தனிநபர் காரின் பதிவு முதலில் 15 வருடம். அதன் பிறகு ஐந்து ஐந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். அதற்கான கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. 20 வருடம் கடந்த கார்களுக்கு 2025-ல் அது 10,000 ஆக்கப்பட்டது. பசுமை வரி தனி. பல வருடம் புதுப்பிக்காத வண்டியானால், என்ன பாக்கி என்பதை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிட்டுத்தான் அட்வான்ஸ் கொடுக்க வேண்டும். மாற்றிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று புரோக்கர் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

▣ 'வின்டேஜ்' பதிவு யாருக்கு?

• மத்திய அரசு 2021 ஜூலையில் தனி விதிகள் கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருடம் கடந்த, அசல் வடிவம் மாறாத, சொந்த உபயோக இருசக்கர, நான்கு சக்கர வாகனங்களுக்குப் பொருந்தும்.

• ஏற்கெனவே பதிவான வண்டி பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். புதிதாகப் பதிபவற்றுக்கு 'வி.ஏ.' எழுத்துகள் கொண்ட எண்.

• புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். செல்லுபடி 10 வருடம். மறுபதிவுக்கு 5,000.

• கண்காட்சி, ராலி, தொழில்நுட்ப ஆய்வு, பெட்ரோல் போடுதல், பராமரிப்பு இவற்றுக்கு மட்டுமே சாலையில் ஓடலாம். தினசரி ஓட்டத்துக்கோ, கல்யாண வாடகைக்கோ, வேறு வணிகத்துக்கோ அனுமதி இல்லை.

பெட்ரோலே பகையானால்

இன்று பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். இந்த வண்டிகள் பிறந்தபோது அப்படி ஒன்று கணக்கிலேயே இல்லை. பழைய ரப்பர் குழாய்களையும், பெட்ரோல் பம்பின் டயாஃப்ரத்தையும், கார்புரேட்டர் பேக்கிங்கையும் எத்தனால் உப்ப வைக்கும், பிறகு விரிசல் விடும். அது காற்றிலிருக்கும் ஈரத்தையும் இழுக்கும். வண்டி மாதக்கணக்கில் நின்றால் நீரும் எத்தனாலும் பிரிந்து டேங்கின் அடியில் தங்கி, தகட்டை உள்ளிருந்தே அரிக்கும்.

பெட்ரோல் கசிந்து சூடான எஞ்சின்மேல் விழுவது விளையாட்டல்ல. வாங்கிய வாரமே டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரையுள்ள ரப்பரையெல்லாம் எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றிவிடுங்கள். ஓட்டாத வண்டியில் பெட்ரோலைத் தேக்கி வைக்காதீர்கள். பானெட்டைத் திறந்து வைத்து வாரம் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்வதால் பயனில்லை. எஞ்சின் நன்றாகச் சூடாகும்வரை, பதினைந்து இருபது கிலோமீட்டராவது ஓட்டுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பழைய பத்மினி, அம்பாசடர்களில் பெரும்பாலும் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான். ஏர்பேக் இல்லை, பலவற்றில் சீட் பெல்ட்டே இல்லை. முன்னால் போகும் இன்றைய கார் நிற்கும் தூரத்தில் உங்கள் வண்டி நிற்காது. பெயின்டுக்குச் செலவழிக்கும் முன் பிரேக்குக்கும் பெல்ட்டுக்கும் செலவழியுங்கள். பிள்ளைகளை உட்கார வைக்கப் போகிற வண்டி அது.

கை போனால் வராது

மேஸ்திரியின் ஷெட்டில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தேன். மட்கார்டு வளைவுக்கு ஒரு துண்டுத் தகடு வெட்டினார் டிங்கர். மணல் மூட்டைமேல் வைத்து மரச் சுத்தியால் தட்டத் தட்ட, தட்டையான தகடு தோசைக்கல்லைப்போல் மெல்லக் குழிந்தது. பழைய மட்கார்டின் மேல் வைத்துப் பார்ப்பார், கண்ணை மூடி உள்ளங்கையால் தடவுவார், மறுபடி தட்டுவார். மேடு எங்கே, பள்ளம் எங்கே என்று கைதான் சொல்கிறது. அரைமணி நேரத்தில் வெல்டிங் வைத்தார். தடவிப் பார்த்த எனக்கு இணைப்பு எங்கே என்று பிடிபடவில்லை. பட்டி அவருக்குத் தேவைப்பட்டது ஒரு டீஸ்பூன்.

அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. இன்றைய கார்களில் அடிபட்ட பாகத்தைக் கழற்றிப் போட்டுப் புதிதாக மாட்டுகிறார்கள், தட்டி எடுக்க அங்கே யாரும் தேவையில்லை. ஷெட்டில் வேலை பழகும் பையன் ஒருவன்தான். அவனும் டெலிவரி வேலைக்குப் போகலாமா என்று யோசிக்கிறான். அங்கே வாரா வாரம் பணம் வருகிறது, இங்கே வண்டிக்காரர் கொடுத்தால்தான். பேரம் பேசிப் பாதிக்கூலியைப் பாக்கி வைக்கிற பழைய கார் பிரியர்களே, அந்தப் பையனை ஷெட்டில் நிறுத்தி வைப்பது உங்கள் கையிலும் இருக்கிறது. அவன் போய்விட்டால், பத்து வருடம் கழித்து உங்கள் மட்கார்டை நீட்ட ஆள் இருக்காது.

கொட்டகையில் நடந்தது

பத்மினியை முழு வண்டியாக வாங்க வேண்டாம் என்று மேஸ்திரி தீர்த்துச் சொன்னார். நண்பர் பேசாமல் கிணற்றுமேட்டில் போய் உட்கார்ந்துவிட்டார். அவர் கண்முன் இருந்தது அவருடைய அப்பாவின் வண்டி என்று எனக்குத் தெரியும். பிறகு அவரே எழுந்து வந்து, கதவு நாலும், கண்ணாடிகளும், மீட்டரும், பின் விளக்குகளும் மட்டும் கேட்டார். அவற்றைப் பொருத்த வேறொரு வண்டி திருப்பூரில் பார்த்து வைத்திருக்கிறார். அழகு சாமான் போன வண்டி, ஆனால் அடித்தகடு கெட்டியாக இருக்கிறது. இன்றும் ஓடுகிறது.

"அப்ப மிச்சம் பழைய இரும்புக் கடைக்குத்தானுங்களா?" என்று கேட்டார் அந்த அம்மா.

மேஸ்திரி கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தார். "கதவு ஓடுங்கம்மா. கண்ணாடி ஓடும். பசங்ககிட்டப் பேசிட்டு, எண்ணை முறையா ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல ரத்து பண்ணிட்டுச் சொல்லுங்க, நாங்க வந்து கழட்டிக்கறோம்."

கிளம்பும் முன் மேஸ்திரி கிரில்லுக்குப் பின்னால் கையை விட்டு எதையோ அசைத்துப் பார்த்தார். அசல் ஹார்ன், ஜோடியாக இருந்தது. எங்கள் வண்டியின் பேட்டரியிலிருந்து இரண்டு ஒயர் இழுத்துத் தொட்டார். முதலில் கரகரப்பு. பின்புறத் திருகை ஒரு நூல் திருப்பி மறுபடி தொட்டார். தோப்பு முழுக்கக் கேட்டது. கோழி சீட்டைவிட்டு எழுந்து ஓடியது. வீட்டுக்குள் போயிருந்த அந்த அம்மா வாசலுக்கு வந்து நின்றுவிட்டார்.

ஹார்னுக்கு என்ன தரட்டும் என்று கேட்டேன். காசு வாங்க மாட்டேன் என்றார். பழைய தினத்தந்தித் தாளில் அவரே சுற்றிக் கொடுத்தார். ராத்திரி ஒன்பது மணிக்கு கோவை வந்ததும், ஷெட்டில் அதை எங்கள் ஃபியட்டில் மாட்டிவிட்டு, வண்டியை நேரே அப்பா வீட்டு வாசலுக்கு விட்டேன்.